செருப்புக் கட்டின மரம்

காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்று நம்பின கடைசி ஆட்கள் நாம்தான். என் வயதுக்காரர்கள் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டீர்கள். கோடாலியை ஓங்க ஒரு ஆள். "வேண்டாங்க, வர்ற வருசம் காய்க்குமுங்க" என்று கெஞ்ச ஒரு ஆள். புளிக்குச் செய்தோம், முருங்கைக்குச் செய்தோம். அதற்கும் மசியாத மரத்துக்குத் தேய்ந்த விளக்குமாறும் பழஞ்செருப்பும் கட்டித் தொங்கவிட்டோம். வெட்கப்பட்டாவது காய்க்கட்டும் என்று. இப்போது பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சிரிப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். யாரிடமும் திருத்தித் தரச் சொல்லவில்லை. திருத்துகிறவர்கள் எழுத்தோடு சேர்த்து நடந்ததையும் திருத்திவிடுவார்கள். நாலு நாளாக எழுதினது இது. நீங்களும் அவசரமில்லாமல் படியுங்கள்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே. கரடும் மேட்டாங்காடுமான பூமி. காட்டுக்குள்ளேயே வீடு, சுற்றிக் கிளுவை வேலி. வேலியில் ஆளும் மாடும் நுழைகிற வழியைக் கடவு என்போம். எங்கள் கடவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மரம் நின்றது. இரண்டும் சொத்தக்களா. பேரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், பழத்தில் ஒரு சொத்தையும் கிடையாது. உடம்பெல்லாம் முள். இலை ஓரம் சின்னச் சின்னதாகப் பல் வைத்திருக்கும். கொழுந்து விடும்போது செம்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்கின நிறம். பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. சிவந்து, அப்புறம் கறுத்துப் போகும். அப்படியே வாயில் போட்டால் நாக்கைப் பிடிக்கும். உள்ளங்கை இரண்டுக்கும் நடுவே வைத்து உருட்டி உருட்டி இளக்கிவிட்டுத் தின்றால் சர்க்கரை.

அந்த மரங்களைக் கொண்டுவந்தது என் சின்னம்மா. சித்தப்பாவின் பெண்சாதி. கெங்கவல்லிப் பக்கம் மலையடிவாரத்துக்காரி. பெரியப்பா அந்தப் பக்கம் மாடு பிடிக்கப் போன இடத்தில் பேசி முடித்த சம்பந்தம். நான் தவழ்ந்துகொண்டிருந்த வருசம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். சீர்ப் பாத்திரங்களோடு இரண்டு கொட்டாங்குச்சியில் இரண்டு செடி. அவள் வீட்டு வேலியில் நின்ற மரங்களில் ஒன்றின் பழத்து விதைதான் இரண்டும்.

"எல்லாரும் பொறந்த ஊட்டுல இருந்து குத்துவெளக்குக் கொண்டுவருவாங்க. இவ முள்ளைக் கொண்டுக்கிட்டு வந்திருக்கறா," என்றாளாம் பெரியம்மா. அது எட்டு வருசத்துக்கும் ஓயவில்லை. சின்னம்மா பேச்சும் பெரியம்மாவுக்கு ஆகாது. "ஊடுன்னு சொல்லத் தெரியாது, வாரேன்னு சொல்லத் தெரியாது. பேச்சுல ஒரு 'ங்க' போட்டா இவளுக்கு நாக்குச் சுளுக்கிக்கும்."

சின்னம்மா பதில் பேச மாட்டாள். பெரியம்மா நகர்ந்ததும் என் காதருகே குனிந்து, "உங்க ஊர்ல மாட்டைக்கூட 'எந்திரிங்க'ன்னுதான் எழுப்புவாங்க போல," என்பாள். நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் மாட்டிக்கொள்வேன்.

அவள் மரம் வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிழைத்தால் பிழைக்கும். அவள் இரண்டு தூரிலும் ஒவ்வொரு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தாள். கலயத்து அடியில் ஓட்டை, ஓட்டையில் பழந்துணித் திரி. காலையில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினால் சாயங்காலம்வரை சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கும். மாட்டுக்குப் போக வேண்டிய கழுநீர் மரத்துக்குப் போகிறது என்று அதற்கும் ஒரு சண்டை. மழை பெய்த மறுநாள் முள் இளகியிருக்கும். அன்றைக்கு அடிமரத்து முள்ளையெல்லாம் ஒரு கட்டையால் தட்டி உதிர்த்துவிடுவாள், எங்களைப் போன்ற பொடிசுகளுக்குக் குத்தாமலிருக்க. கடவுக்குக் குறுக்கே நீளுகிற கிளையைக் கழித்துவிட்டு, வெட்டின வாயில் சாணி அப்புவாள். யாருக்கோ காயத்துக்கு மருந்து வைக்கிற மாதிரி இருக்கும்.

உள்ளே நுழையும்போது இடப்பக்கத்து மரம் ஆறாம் வருசம் காய்த்தது. வலப்பக்கத்து மரமும் பூத்தது. இடப்பக்கத்தைவிடப் பொங்கப் பூத்தது. ஆனால் ஒரு பிஞ்சு இல்லை. ஏழாம் வருசமும் அப்படியே. எட்டாம் வருசமும் அப்படியே.

சின்னம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எட்டு வருசம்.

எனக்கு ஒன்பது வயது நடந்தது அப்போது. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகியிருக்கும். ஒரு வைகாசி. இடப்பக்கத்து மரம் சிவந்து கிடக்கிறது. பெரியம்மா கடவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஒரே கையில நட்டதுதான். ஒண்ணு காய்க்குது, ஒண்ணு மலடு நிக்குது. வாசல்ல மலடு நின்னா ஊட்டுக்கு ஆகுமா?" மரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் அதைச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியப்பா கோடாலியை எடுத்தார். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கெஞ்சுகிற ஆள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும் என்பது வழக்கம், அது உங்களுக்குத் தெரியும். என் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். பெரியம்மா தடுத்துவிட்டாள்.

"நீ எதுக்கு? நட்டவ நிக்கறாளே. அவளே கெஞ்சட்டும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தம்பி பெண்சாதி மூத்தவரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரையாவது வைத்துத்தான் கேட்பாள். எட்டு வருசத்தில் சின்னம்மாவின் குரல் பெரியப்பாவை நோக்கிப் போனதே இல்லை.

பெரியப்பா கோடாலியை ஓங்கினார். "ஏ மரமே, எட்டு வருசமாத் தண்ணி குடிக்கற. ஒரு காய் இல்ல. வெட்டிப்போடட்டுமா?"

சின்னம்மா தலைகுனிந்து நின்றாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு," என்றாள் பெரியம்மா.

"வேண்டாங்க மாமா." நான் கேட்க அவள் போட்ட முதல் 'ங்க' அதுதான். "வர்ற வருசம் காய்க்குமுங்க."

வழக்கப்படி அதோடு முடிய வேண்டும். கோடாலி மூக்கால் பட்டையில் லேசாகத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். பெரியப்பா போகவில்லை.

"காய்க்கலீன்னா?"

அது சடங்கில் இல்லாத கேள்வி. சித்தப்பா மாட்டுக் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெஞ்சினவதான் சொல்லோணும். காய்க்கலீன்னா?"

"வெட்டிப்போடுங்க," என்றாள் சின்னம்மா.

செருப்புக் கட்டுகிற வேலை எனக்கு. முள்ளுக்குள் நுழைகிற உடம்பு என்னுடையதுதான். அண்டாவைக் கவிழ்த்து ஏறி, பெரியப்பாவின் தேய்ந்த டயர் செருப்பையும் விளக்குமாற்றுக் கட்டையையும் கிளையில் கட்டினேன். செருப்பு காற்றில் ஆடி மரத்தையே பட் பட்டென்று அடித்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல வேடிக்கை என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டே அம்மா அப்பாவிடம் கேட்டாள்: "உங்கண்ணன் கெடு வெச்சது மரத்துக்கா?"

"ஆருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேக்கற?" என்றார் அப்பா.

பெரியம்மாவின் அண்ணன் மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு நின்றாள். அவளைச் சித்தப்பாவுக்கு இரண்டாந்தாரமாகக் கொண்டுவருகிற பேச்சு வீட்டில் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மாவுக்கு ஒரு வருசம். எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

ஆனால் எனக்குப் புரிந்தது பாதிதான். மரம் காய்த்துவிட்டால் சின்னம்மா இருப்பாள், காய்க்காவிட்டால் போய்விடுவாள். அவ்வளவுதான் என் கணக்கு. அதனால் அந்த வருசம் நானும் மரத்துக்குக் காவல் நின்றேன். இடப்பக்கத்துக் கலயத்தில் ஊற்றும் தண்ணீரில் பாதியைத் திருடி வலப்பக்கத்தில் ஊற்றினேன். மாசியில் வலப்பக்கத்து மரம் பூத்தது, முன்னைவிட அதிகம். இடப்பக்கத்துப் பூ சின்னதாக, பச்சையாக, வெறுமனே இருக்கும். வலப்பக்கத்துப் பூ பஞ்சு பஞ்சாக மஞ்சள் தூளோடு இருக்கும். ஈயெல்லாம் முதலில் வலப்பக்கத்தில் மொய்த்துப் புரண்டுவிட்டு, அப்புறம் இடப்பக்கம் போகும். தினமும் கண்ணால் பார்த்தேன். நான் மட்டுமா? அந்தக் கடவில் போய் வந்த எல்லோரும் பார்த்தோம்.

"பூவைப் பாருடி. இவ்வளவும் உதிர்ந்தாக்கூட நாலு நிக்காதா?" என்றாள் சின்னம்மா.

நாலும் நிற்கவில்லை. மஞ்சளை இடித்துக் கொட்டினாற்போல் தூரெல்லாம் உதிர்ந்தது.

வைகாசி வந்தது. ஒரு நாள் எல்லோரும் பருத்தி எடுத்து ஓய்ந்த செடியை, பருத்திமாரை, பிடுங்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். வாசலில் காய்ந்த சோளத்துக்குக் கோழி வராமல் பார்க்க என்னை விட்டிருந்தார்கள். உச்சி வெயிலில் சின்னம்மா மட்டும் வந்து கூழ்ப்பானையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போனபிறகு எனக்கு அந்த யோசனை வந்தது.

இடப்பக்கத்து மரத்தில் பழுத்ததாகப் பார்த்துப் பறித்தேன். பாவாடை மடி நிறையப் பறித்தேன். வலப்பக்கத்து மரத்தின் முள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பழமாகக் குத்தி வைத்தேன். அண்டாவில் ஏறி எட்டுகிற உயரம்வரைக்கும். விரலெல்லாம் குத்தி ரத்தம் வந்தது, சாறும் ரத்தமும் ஒரே நிறமாக இருந்தது. இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு அது காய்த்த மரம்தான். சாமி வந்து பார்த்தால்கூட ஏமாந்துபோகும் என்று நினைத்தேன்.

பொழுது சாய எல்லோரும் வந்தார்கள். முதலில் பார்த்தது பெரியம்மாதான். "ஏனுங்க, இங்க வாங்க! காச்சிருச்சுங்க!" என்று கத்தினாள். அவள் குரலில் சந்தோசம்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஓடி வந்தார்கள். சின்னம்மா தலையிலிருந்த பருத்திமார்க் கட்டைக் கீழே போட்டாள். மரத்துக்கிட்டே போய், கையை நீட்டி, ஒரு பழத்தைத் தொட்டாள். அது கழன்று கையோடு வந்தது. பின்பக்கம் ஓட்டை.

அவள் பழத்தைப் பார்த்தாள். கீழே கவிழ்ந்து கிடந்த அண்டாவைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் வந்து நின்று, என் வலது கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பயத்தில் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குள் பெரியப்பா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டார். "முள்ளுல குத்தி வெச்சிருக்குது. ஆரு வேலை இது?"

"ஆரு வேலையா இருக்கும்?" என்றாள் பெரியம்மா. கொஞ்சம் முன்னால் சந்தோசப்பட்டதற்கெல்லாம் சேர்த்து இப்போது கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "மத்தியானம் கூழு எடுக்கன்னு வந்தவ ஆரு? கெடு முடியப் போகுதல்ல. அய்யோ சாமி, மரத்தையே ஏமாத்தறவ மனுசரை விடுவாளா?"

சின்னம்மா இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. முந்தானைக்குள் என் கையை ஒருதரம் அழுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பெரியப்பா புளிய விளாரால் தோலை உரித்திருப்பார். அந்தப் பயம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் எனக்கு இல்லை.

எல்லோரும் உள்ளே போனபிறகு அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கைகால் கழுவிவிட்டாள். "வெயில்ல நின்னு கை காந்திப் போச்சு" என்று சொல்லி விரல் நுனியிலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவினாள். அதையும் நான் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மரத்தை வெட்டினார்கள். முறுக்கேறின மரம், கோடாலி பட்ட இடத்தில் கணீரென்றது. செருப்பு கிளையோடு விழுந்தது. விளக்குமாற்றுக் கட்டையைத் திரும்பவும் பெருக்க எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சின்னம்மாவின் தம்பி வந்தார். பேச்சுவார்த்தை நீளவில்லை. சீராக வந்த பாத்திரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை. கடவுக்குப் போய், வெட்டின மரத்தின் தூரில் புதைத்திருந்த கலயத்தை மட்டும் தோண்டி, மண்ணைத் தட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டியைச் சித்தப்பாதான் ரோடுவரைக்கும் தூக்கிப் போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

ஆவணியில் கல்யாணம் ஆகிப் புதுச் சின்னம்மா வந்தாள். எங்களோடு நன்றாகத்தான் இருந்தாள்.

அடுத்த வைகாசியில் இடப்பக்கத்து மரம் காய்க்கவில்லை. பூத்தது, பூவோடு கருகி உதிர்ந்தது. "போனவ வயிறெரிஞ்சு சாபம் விட்டுட்டுப் போயிட்டா," என்றாள் பெரியம்மா. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "பழைய செருப்பைத் தேடி எடுத்தா அம்மிணி," என்றார்.

நான் செருப்போடு வருகிறேன், கடவில் கிராம சேவக் சைக்கிளிலிருந்து இறங்குகிறார். காடு காடாக வந்து இந்த விதை போடுங்கள், அந்த உரம் போடுங்கள் என்று சொல்லிப்போகிற சர்க்கார் ஆள். உங்கள் ஊருக்கும் ஒருவர் வந்திருப்பார். அவர் செருப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"என்னங்க நடக்குது இங்க?"

"போன வருசம் வரைக்கும் காச்ச மரமுங்க. இந்த வருசம் ஒண்ணுமில்ல," என்றார் பெரியப்பா.

"இதுக்கு ஜோடி மரம் எதாச்சும் பக்கத்துல இருந்ததுங்களா?"

"அந்தப் பக்கம் ஒண்ணு நின்னுச்சு. பூக்கும், காய்க்காது. வெட்டிப்போட்டோம்."

கிராம சேவக் சிரித்துவிட்டார். "அட, அது ஆண் மரமுங்க! ஆண் மரம் எப்படிக் காய்க்கும்? அதோட பூத்தூளை ஈ கொண்டாந்து இதுல சேத்தாத்தானே இது காய்க்கும். பனையில ஆணும் பொண்ணும் நீங்க பாக்காததுங்களா?"

பனை என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் வரப்பில் வரிசையாகப் பனை நின்றது. எது ஆண், எது பெண் என்று சின்னப் பிள்ளைகூடத் தூரத்திலிருந்து சொல்லும். காய்க்கவில்லையென்று ஒரு ஆண்பனைக்கும் நாங்கள் செருப்புக் கட்டியதில்லை.

அவர் உரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடவில் யாரும் நகரவில்லை. யாரும் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் ரொம்பச் சிரமப்பட்டார்கள். கடைசியில் பெரியப்பா என் கையிலிருந்த செருப்பை வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் மரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததில்லை.

புதுச் சின்னம்மாவுக்கும் கடைசிவரைக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கு யாரும் கெடு வைக்கவில்லை. பெரியம்மாவின் அண்ணன் மகள் அல்லவா.

எனக்குக் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளையும் வந்தபிறகு, ஒருமுறை வாழப்பாடிக்கு ஒரு விசேசத்துக்குப் போனோம். அங்கிருந்து கெங்கவல்லிக்குப் பஸ் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். சின்னம்மாவின் தம்பி காட்டில் ஒரு ஓரத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன வீடு. வேலி முழுக்கச் சொத்தக்களா. ஆணும் பெண்ணும் கலந்து நின்றது. ஒன்றின் தூரில் எங்கள் வீட்டுக் கலயம், கழுத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது.

சின்னம்மாவுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "வா சாமி," என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பழம் பறித்து உள்ளங்கையில் உருட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, பிள்ளை வாயில் சாற்றைப் பிழிந்தாள். கிராம சேவக் சொன்னதைச் சொன்னேன். "எனக்கும் இங்க வந்தபிறகு தெரிஞ்சது," என்றாள்.

அப்புறம்தான் சொன்னேன். "சின்னம்மா, அன்னைக்குப் பழத்தைக் குத்தி வெச்சது நானுங்க."

அவள் என் வலது கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "ஆறிடுச்சே," என்றாள். "அன்னைக்கு அஞ்சு விரல்லயும் குத்தியிருந்துச்சு. எங்க உங்க பெரியப்பா பாத்துடுவாரோன்னு முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கிட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருந்தா உன் தோலை உரிச்சிட்டு, என்னை அனுப்ப வேற காரணம் தேடியிருப்பாங்க. உனக்கு அடியாவது மிச்சமாச்சு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பத்து வருசத்துக்கு மேலாகச் சுமந்ததை இறக்கிவிட்டோம் என்று நினைத்துப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் உடனே கொடுக்கவில்லை.

"பழம் குத்தினதுக்கு எனக்குக் கோவமே இல்ல," என்றாள். "முந்தின வருசம் செருப்பைக் கட்டிட்டுச் சிரிச்ச பாரு. அதுக்குத்தான் ரொம்ப நாள் கோவமா இருந்தேன்."

நான் யாரிடமும் பேச்சில் தோற்றவள் இல்லை. மாமியாரிடம் தோற்றதில்லை, மருமகளிடமும் தோற்றதில்லை. அன்றைக்குத் தோற்றேன். அவள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை எடுத்துப்போய்க் கலயத்தில் ஊற்றினாள். அது இறங்கி முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.